சாவு வீட்டுப் பேச்சு யார் காதில் விழுகிறது?

எங்கள் ஊரில் ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்று சேதி வந்தால், வாசலில் கொட்டகை போடுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். காதல் விவகாரமாம். இல்லையில்லை, கந்துவட்டி ஆலோங்கிடம் கடனாம். பொண்டாட்டி வாய் சும்மா இருக்காது, அதான். அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா. யாரோ செய்வினை வெச்சுட்டாங்க. எங்கே சுற்றினாலும் கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடம் ஒன்று: "பெத்தவங்கள கொஞ்சம் நெனச்சுப் பாத்தானா? கோழைப் பய."

இப்படிப் பேசுகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அதே வீட்டுக்கு நாற்காலி தூக்கி வந்து போடுகிறவர்கள், தேத்தண்ணி கலக்குகிறவர்கள், சக்திக்கு மீறி மொய் எழுதுகிறவர்கள். மனசு பதறும்போது வாய்க்கு ஏதாவது ஒரு காரணம் தேவைப்படுகிறது. காரணம் கிடைத்துவிட்டால், அது நம் வீட்டில் இல்லை, நமக்கு இப்படி நடக்காது என்று கொஞ்சம் மூச்சு விடலாம். எனக்கு அது புரிகிறது.

ஆனால் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், அதே நினைப்போடு பல மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவராக இருக்கலாம். இறந்தவனைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவர் தன்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார். நான் வாயைத் திறந்தால் என்னையும் இப்படித்தான் பேசுவார்கள் என்று முடிவு கட்டிக்கொள்கிறார். கற்பனையில் சொல்லவில்லை. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வரிசை வீடுகளான லயங்கள் காலியாயின, தோட்டத்து ஜனங்கள் டவுனைச் சுற்றியுள்ள தமான்களுக்கு, அதாவது குடியிருப்புகளுக்கு, வந்து சேர்ந்தோம். முனீஸ்வரர் கோயில் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

கோவிட் கட்டுப்பாடுகள் எல்லாம் முடிந்து, சாவு வீட்டுக்கு ஆள் கூடலாம் என்று ஆன பிறகு, எங்கள் தமானில் ஒரு தம்பி இறந்துபோனான். கோலாலம்பூரில் ஹோட்டல் வேலையில் இருந்தவன். ஹோட்டலை மூடியதும் ஊருக்கு வந்துவிட்டான். தமானில் யார் மோட்டார் நின்றுபோனாலும் அவன்தான் குனிந்து பார்ப்பான். தைப்பூசத்துக்கு உருமி அடிப்பான். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். யார் என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவன் எப்படி இறந்தான் என்பதை எழுத மாட்டேன். எழுதாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. எந்த முறையில், எந்த இடத்தில் என்றெல்லாம் விவரமாகவும் பரபரப்பாகவும் செய்தி போட்டால், ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறவர்களுக்கு அது ஒரு வழியைக் காட்டிக் கொடுப்பதாக ஆகிறது. உலக நாடுகள் பலவற்றில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் முறையை விவரிக்காதீர்கள், படம் போடாதீர்கள், கடைசிக் கடிதத்தை அச்சிடாதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் பத்திரிகைக்காரர்களுக்கு வழிகாட்டிக் குறிப்பே வெளியிட்டிருக்கிறது. அதே ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் சொல்கின்றன: நெருக்கடியில் இருந்த ஒருவர் எப்படித் தாக்குப்பிடித்து மீண்டு வந்தார் என்ற கதை உயிரைக் காக்கும். இந்த விதி பத்திரிகைக்கு மட்டும் இருந்தால் போதாது. வாட்ஸ்அப் குழுவில் படத்தைத் தள்ளிவிடுகிற நமக்கும் வேண்டும். அந்தத் தம்பியின் படம் அவன் சித்தப்பாவின் கைப்பேசிக்கு யாரோ முகம் தெரியாத ஆளிடமிருந்து வந்து சேர்ந்தது. அப்போது உடல் சவக்கிடங்கிலிருந்து வீட்டுக்குக்கூட வரவில்லை.

அவன் அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?" அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே, நீ கவனிக்கவில்லை என்ற பழி பதுங்கியிருக்கிறது. ஒரு அம்மாவுக்கு அது கேட்காமல் போகுமா?

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பெரியம்மா. மரம் சீவிச் சீவி விரல்கள் வளைந்துபோன கை. எட்டாம் துக்கத்துக்குப் பிறகு கூட்டம் கரைந்துவிட்டது. பெரியம்மா மட்டும் தினமும் பசியாறும் நேரத்துக்கு ஒரு தூக்குச்சட்டியோடு அக்கா வீட்டுக்குப் போவார். ஏன் நடந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஏதாவது வேலை கொண்டுவருவார். வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது. ஒரு நாள் பழைய பேப்பரை விரித்து, ஒரு பை நெத்திலியைக் கொட்டி, இரண்டு பேரும் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் அன்றைக்குப் போயிருந்தேன். நடுவில் பெரியம்மா ஒரு நெத்திலியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்மாம் பெருசா இருந்தா அவனுக்குப் பிடிக்குமே. சம்பல்ல முழுசாப் போடச் சொல்லுவானே."

அக்காவின் கை நின்றுவிட்டது. நான் பயந்துபோனேன். பெரியம்மா பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "ஆமா, தலையக்கூட எடுக்க விடமாட்டான்" என்றார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் மத்தியானம்வரை நிறுத்தவில்லை. அவன் குழந்தையாக இருந்தது, தமிழ்ப்பள்ளியில் கதை சொல்லும் போட்டிக்குப் போனது, கோலாலம்பூரிலிருந்து முதல் சம்பளத்தில் சட்டி வாங்கி வந்தது, கடைசி மாதங்களில் ராத்திரி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தது, எல்லாம். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "எல்லாரும் வராங்க, போறாங்க. அவன் பேர மட்டும் ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. நான் அப்படி ஒரு புள்ள பெக்கவே இல்லேங்கிற மாதிரி."

கருமாதியிலும் ஒரு பிரச்சினை வந்தது. துர்மரணம், முறைப்படி எல்லாம் செய்ய வேண்டாம், சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்று உறவில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் நம்பிக்கை அது, அவரை நான் குறை சொல்லவில்லை. பெரியம்மா நேராக அவரிடமே போய், "அண்ணே, அவன் வயித்துக்கு நாங்க போடுறோம். சாமி கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட வந்து கேக்கட்டும்" என்றார். படையலில் நெத்திலிச் சம்பல், மீ கோரேங், இரண்டு டின் ஹண்ட்ரட் பிளஸ். பெரியவரும் கடைசியில் வந்து சூடம் காட்டினார்.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றி. முப்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகள், கணவர் வெளியூருக்கு லாரி ஓட்டுகிறவர். தம்பியின் சாவு வீட்டில் பின்பக்கம் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை. தூக்கம் இல்லை. பிள்ளை அழுதால் எங்கோ தூரத்தில் கேட்பது மாதிரி இருக்குமாம். சமைப்பார், வேலைக்குப் போவார், சிரிக்கவும் சிரிப்பார். வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இதையும் முதலில் கவனித்தது பெரியம்மாதான். அந்தப் பெண் காயப்போட்ட துணி இரண்டு நாளாகக் கொடியிலேயே கிடந்தது. மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் வரவில்லை. பெரியம்மா துணியை எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போனார். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்: "ஏம்மா, உசுரோட இருக்க வேணாம்னு தோணுதா?"

இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அது வேண்டாத பயம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை என்று மனநல ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உள்ளே பூட்டிவைத்திருந்தவருக்கு, இதைச் சொன்னால் தாங்கக்கூடிய ஒரு ஆள் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் வருகிறது. பெரியம்மா ஆராய்ச்சி எதுவும் படித்தவர் இல்லை. அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பிள்ளைகளை நினைத்துப் பார் என்றோ, சாமியைக் கும்பிடு என்றோ சொல்லவில்லை. "சரி. இன்னிக்கு நான் இங்கேயே படுத்துக்கிறேன். காலைல கிளினிக் போவோம்" என்றார். அப்புறம் எனக்குப் போன் செய்தார், என்னிடம் கார் இருப்பதால்.

அரசாங்கக் கிளினிக்குக்குத்தான் போனோம். பதிவுக்கு 1 வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். நம்பர் எடுத்துக்கொண்டு, இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு என்று வந்தவர்களோடு உட்கார்ந்தோம். அந்தப் பெண் முக்காடு மாதிரித் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டார், தமான் ஆள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. உள்ளே டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலும் மனசு லயிக்கவில்லையா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று குறிக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு மறக்காது: "அக்கா, இதெல்லாம் முன்னாடியே அச்சடிச்சு வெச்சிருக்காங்களே. அப்ப எனக்கு மட்டும் இல்லியா?"

அவருக்கு மட்டும் இல்லைதான். 2023-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட 10 லட்சம் பேர். பிள்ளைகள் விஷயம் இன்னும் கவலைக்குரியது. 13 முதல் 17 வயதுவரை உள்ள மாணவர்களிடம் 2022-இல் எடுத்த ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருந்தது. எட்டில் ஒருவருக்கு உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்திருந்தது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்ச் சேரும் வயது அது. மொழி மாறி, நட்பு மாறித் தடுமாறுகிற நேரம். படிக்கச் சோம்பேறித்தனம், போன் பைத்தியம் என்று நாம் திட்டுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கணக்கில் இருக்கிறார்களோ.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டல், தலைசுற்றல். மருந்து வேலை செய்வதே தெரியவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வுக்கான மருந்து முழுப் பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகும், ஆரம்பத் தொல்லைகள் பெரும்பாலும் தணிந்துவிடும் என்று முதலிலேயே சொல்லி வைத்தால் தாங்கிக்கொள்வார்கள். மாமியார், "மாத்திரைக்கு அடிமையாயிடுவ" என்று பயமுறுத்தினார். அந்த வகை மாத்திரையில் போதைப் பழக்கம் மாதிரி அடிமையாவது கிடையாது. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பெரியம்மா அவரை முனீஸ்வரர் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போய் எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டார். நான் அதைத் தடுக்கவில்லை, தடுக்கவும் மாட்டேன். நெற்றியில் திருநீறோடு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். கோயிலுக்குப் போனால் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யாராவது சொன்னால் மட்டும் அங்கே சண்டை போடுவேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். அந்தத் தம்பி இறந்த அன்று, எப்படியாவது பெரியம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சாவு வீட்டுக்கு வந்தாராம். கிளாஸ் கழுவும்போது கோழை, சுயநலம், குடும்ப மானத்தை வாங்கிட்டான் என்று ஒவ்வொன்றாகக் காதில் விழுந்திருக்கிறது. "சொல்ல வந்தத முழுங்கிட்டேன் அக்கா" என்றார். அதற்கப்புறம் பல மாதம் அவர் வாயே திறக்கவில்லை.

அவர் பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சொன்னால் போலீஸ் வருமோ? அந்தப் பயத்துக்கும் அடிப்படை இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று சொன்னது. வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போனது. செத்தால் பழி, பிழைத்தால் வழக்கு. அதனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் குடும்பங்கள் வழுக்கி விழுந்தார், தெரியாமல் நடந்துவிட்டது என்று ஏதேதோ சொல்லும். டாக்டருக்கு உண்மை தெரியாது, மனநல உதவியும் வந்து சேராது. இலங்கை 1998-லேயே இந்தக் குற்றத்தை நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் 2020 முதல் இல்லை. நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. இப்போது மலேசியாவில் முயன்று பிழைத்தவர் குற்றவாளி இல்லை, சிகிச்சை பெற வேண்டியவர். ஒருவரைத் தூண்டிவிடுவது மட்டும் இன்னும் குற்றம்தான். இந்தச் சேதி எங்கள் தமானில் பாதிப் பேருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தயவுசெய்து உங்கள் வீட்டில் சொல்லுங்கள், சாப்பாட்டுக்கடையில் சொல்லுங்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் எங்கள் ஊருக்குப் பக்கம். காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1911-இல் அங்கே மனநல ஆஸ்பத்திரி கட்டினார்கள். இன்றைக்கு அது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பேராக்காரர்களுக்கு ஆளைக் கேலி செய்ய அந்த ஊர் பெயரே போதும். "இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று பள்ளிக்கூடத்திலிருந்து கல்யாண வீடுவரை சொல்லிச் சிரிக்கிறோம். நூறு வருடத்துக்கு மேலாக எத்தனையோ ஆயிரம் பேர் குணமாகி வீடு திரும்பிய இடம். எத்தனையோ பேரைச் சொந்தக்காரர்கள் கூட்டிப்போக வராததால் அங்கேயே முதுமை தட்டிய இடமும்கூட. அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நாளைக்குத் தனக்கு உதவி வேண்டும் என்று எப்படிக் கேட்கும்? என் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. விருந்தாளி சொன்னாலும் நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

பெரியவர்கள் சிலர், அந்தக் காலத்து லயத்தில் இதெல்லாம் கிடையாது, எல்லாரும் ஒத்துமையாக இருந்தோம் என்பார்கள். பாதி உண்மை. லயத்தில் பலகைச் சுவர்தான். இந்த வீட்டில் அழுதால் அடுத்த வீட்டில் கேட்கும், யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் சம்சு சாராயம் குடித்துவிட்டு அடிப்பதும் அதே பலகை வழியாகத்தான் கேட்டது, அதற்கு யார் வந்தார்கள்? தோட்டத்திலும் உயிரை விட்டவர்கள் இருந்தார்கள். பேய் அடித்துவிட்டது என்று மூடிவைத்தோம், அவ்வளவுதான். இன்றைக்குச் சிமெண்டுச் சுவர், கிரில் கதவு, ஷிப்டு வேலை. அழுவது கேட்பதில்லை. போலீஸ் கணக்கில் 2020-இல் நாட்டில் 631 பேர் தற்கொலையால் இறந்தார்கள், 2021-இல் 1,142 பேர். அந்த ஆண்டுதான் அரிசி இல்லாதவர்கள் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். சேர்த்துவைக்காமல் செலவழித்தவர்கள்தானே என்று சிலர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் கொடியைப் பார்த்ததும் பெரும்பாலோர் முதலில் அரிசி மூட்டையைத் தூக்கினார்கள், காரணத்தைக் கிளறவில்லை. எங்கள் தமானிலும் அதைப் பார்த்தேன். நமக்கு அந்தக் குணம் இல்லாமல் இல்லை.

"சாகணும்னு முடிவு பண்ணினவன யாரால தடுக்க முடியும்?" இதுவும் சாவு வீட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு. ஆறுதலாகச் சொல்கிறார்கள், ஆனால் சரியில்லை. இலங்கையில் 1990-களின் நடுவில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த நிலையில் இருந்தது. கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டில் அந்த விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. ஜனங்களின் கஷ்டம் அங்கே ஒரேயடியாகத் தீர்ந்துவிடவில்லை, போரும் சுனாமியும்கூட வந்தன. கையெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாதபோது அந்தக் கொடிய நேரம் கடந்துபோகிறது, ஆள் பிழைத்துக்கொள்கிறார். முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. தோட்டங்களில் தெளித்துவந்த கொடிய களைக்கொல்லி ஒன்றை நம் நாடும் 2020-இலிருந்து தடை செய்திருக்கிறது. ஆக, தடுக்க முடியும். ஒரு ராத்திரி கூடப் படுத்துக்கொள்வதுகூடத் தடுப்புதான்.

இணையத்துக் கொட்டகையையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் நம் சமூகத்துப் பெண் ஒருவர், டிக்டாக்கில் பலரும் அறிந்தவர், இணையத் தொல்லை தாங்காமல் உயிரை விட்டார். அவரைத் தொல்லைப்படுத்திய ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. அப்போது இருந்த சட்டத்தில் அவ்வளவுதான் முடிந்தது. நாடே கொதித்ததால் அதே ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகளைக் குற்றவியல் சட்டத்தில் சேர்த்தது, 2025-இல் நடைமுறைக்கு வந்தன. நல்லதுதான். ஆனால் அந்தப் பெண் இறந்த மறுநாளே அவர் எப்படி உடுத்தினார், ஏன் வீடியோ போட்டார், போனை அணைத்துவைத்திருக்கலாமே என்று தமிழிலேயே எழுதிக் குவித்ததை நான் படித்தேன். எந்தச் சட்டம் அதை நிறுத்தும்? படிக்கிற நாம்தான் பதில் எழுதி நிறுத்த வேண்டியிருக்கிறது. நான் எழுதினேன், என்னையும் திட்டினார்கள், பரவாயில்லை.

என்ன பேசுவது என்று தெரியவில்லை என்கிறார்கள் பலர். தெரியாவிட்டால் பேச வேண்டியதில்லை. பாத்திரம் கழுவலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுவிடலாம். போஸ்ட்மார்ட்டம், போலீஸ் ரிப்போர்ட், இறப்புப் பத்திரம் என்று அலையும் குடும்பத்துக்கு ஒரு வண்டி பெரிய உதவி. இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள், அவர் செய்த நல்லது ஒன்றை நினைவுபடுத்துங்கள். ஒரு மாதம் கழித்துப் போங்கள், பிறந்த நாளுக்கும் தீபாவளிக்கும் போங்கள், ஏனென்றால் அப்போது வேறு யாரும் வர மாட்டார்கள். பக்கத்தில் யாராவது தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் பெரியம்மா ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்: "அவனுக்கு எவ்வளவு வலிச்சிச்சோ, நமக்கு என்னா தெரியும்." கோபம் இல்லாமல் சொல்வார். பேச்சு நின்றுவிடும்.

உங்களுக்கே அப்படித் தோன்றிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். முகம் தெரிந்தவரிடம் சொல்ல முடியவில்லையா, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அரசாங்கத்தின் தாலியான் காசே உதவி எண் 15999. தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். உடனடி ஆபத்து என்றால் 999, இல்லாவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு.

இந்த எண்களைத் தமிழில் பெரிய எழுத்தில் அடித்து எங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று மகளிர் குழு கேட்டது. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அமங்கலம் எதுக்கு என்று நிர்வாகத்தில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்கப்போகிறோம். அந்தத் தம்பியின் அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார், அவரே பேசுகிறாராம். தாள் தயாராக இருக்கிறது. உங்கள் கோயிலுக்கோ, தமிழ்ப்பள்ளிக்கோ, சாப்பாட்டுக்கடைக்கோ வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.